மறதியும் துறவும்



பற்றை விடுக என்பது புத்தபகவன் அருளிய போதனை. எல்லாம் நிலையற்றவை என்று உணர்க என்பது அதற்கு முன்னிற்கும் போதனை. இவ்விரண்டையும் கூட்டந்தோறும் எடுத்துச் சொல்லி வருகிறவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் இவற்றைத் தகாத இடத்தில் தகாத பொருளில் சொல்லி ஒருமுறை வெட்கமுற்றேன். அதனை முதலில் ஒளியாமல் கூறிவிடுவதே முறை.

நான் 1989ஆம் ஆண்டில், பதினெட்டாம் வயதில், பரேலில் இருந்த ஒரு துணியாலையில் பத்லித் தொழிலாளியாகச் சேர்ந்தவன். பத்லி என்பவன் வராதவனுக்குப் பதிலாக நிற்பவன். விடியலில் ஆலை வாயிலில் போய் நிற்க வேண்டும். அன்றைக்கு எவனேனும் வரவில்லையாயின் உள்ளே அழைப்பார்கள். இல்லையேல் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். என் தந்தையார் அதே ஆலையில் தறிகாரராக இருந்தவர். 1982 ஜனவரி 18ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வெளியேறினர்; அவரும் வெளியேறினார். அவ்வேலைநிறுத்தம் முடிந்தது என்று ஒருவரும் முறைப்படி அறிவிக்கவே இல்லை என்பதைப் பம்பாய்த் தொழிலாளர் இன்றும் சொல்லிக்கொள்வர். ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எங்கள் ஆலையின் சங்கு 2000ஆம் ஆண்டில் நின்றது.

அதன்பின் பல ஆண்டுகள் கழித்து, மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தம்ம உரை முடித்து அமர்ந்திருந்தேன். என் தந்தையாருடன் தறிக்கூடத்தில் நின்ற பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்து பழைய கதைகளைத் தொடங்கினார். எந்தத் தறியில் யார் நின்றார், எவனுக்குக் கணக்குத் தீர்க்கவில்லை, எவன் ஊருக்குப் போய் மடிந்தான் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குப் பசி, பேசிக் களைத்தும் இருந்தேன். “ஐயா, எல்லாம் அநித்தியம். அந்த ஆலையும் அநித்தியம். மறந்துவிடுங்கள்; மறப்பதே மருந்து” என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். “தம்பி, கணக்குத் தீர்க்கப் போனபோது ஆலை ஆபீசிலும் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் சொன்னால் அது வியாபாரம். நீ சொன்னால் தருமமோ?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. மறதிக்கும் துறவுக்கும் வேறுபாடு என்ன? இரண்டிலும் மனிதன் ஒன்றை இழந்தபின் அழாமல் இருக்கிறான். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே போல் தோன்றுகின்றன.

நிற்க. இக்கேள்வியை மீண்டும் என்முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு நாவல். கிங்ஸ் சர்க்கிள் வட்டத்தை ஒட்டிய நடைபாதையில் பழைய புத்தகம் விற்போர் வரிசையாகக் கடை பரப்பியிருப்பதை இப்பகுதி அன்பர்கள் அறிவர். நான் எழுத்தறிவு பெற்றதில் பாதி அந்த நடைபாதையில் நின்றுதான். (அவ்வட்டத்தின் நடுவிலுள்ள பூங்காவுக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாற்றிப் பல்லாண்டுகள் ஆகியும் மக்கள் நாவில் அது கிங்ஸ் சர்க்கிளாகவே இருக்கிறது. ரயில் நிலையத்தின் பெயரையும் மாற்ற 2024இல் மாநில அரசு முடிவு செய்தது. பெயர் மாற்றத்தைக் குறித்து எனக்குத் தனிக் கோபம் ஒன்றும் இல்லை. அரசரின் பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?) அங்கே வாங்கிய புத்தகம், ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவா 1994இல் எழுதி, 2019இல் ‘தி மெமரி போலீஸ்’ என்று ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல். என் ஆங்கிலம் மெதுவாக நடப்பது; கடினமான இடங்களுக்கு என் மகள் பொருள் சொன்னாள்.

மனித குலம் எத்தகைய கேட்டை அடையக்கூடும் என்று கற்பனை செய்து எழுதப்படும் நாவல்கள் மேனாட்டில் பல உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலில், அரசாங்க அலுவலகத்தில் ஒருவன் பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறான். நேற்று நடந்ததை இன்றைய ஆட்சிக்கு ஏற்ப மாற்றுவதே அவன் உத்தியோகம். ரே பிராட்பரி 1953இல் வெளியிட்டதில் நூல்களை எரிப்பதற்கே ஒரு படை இருக்கிறது. அவற்றில் கொடியவன் யார் என்பது விளங்கிவிடும். அவனை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாம்.

ஒகாவாவின் நாவல் அப்படி உறங்க விடுவதில்லை. பெயரில்லாத ஒரு தீவு. அங்கே அவ்வப்போது ஏதேனும் ஒரு பொருள் ‘மறைந்து’ போகிறது. ஒருநாள் பறவைகள், ஒருநாள் ரோஜா மலர்கள், ஒருநாள் நிழற்படங்கள். காலையில் மக்கள் விழிக்கும்போதே ஏதோ ஒன்று குறைந்திருப்பதை உணர்கிறார்கள். எஞ்சியவற்றைத் தாமே கொண்டுபோய் எரிக்கிறார்கள், ஆற்றில் விடுகிறார்கள். இரண்டொரு நாளில் அப்பொருளின் நினைவும் அகன்றுவிடுகிறது. பறவை எதிரில் பறந்தாலும் நெஞ்சில் ஒன்றும் அசைவதில்லை. மறக்க இயலாத சிலரும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்கவே காவலர். கதை சொல்லும் பெண்ணின் தாய் ஒரு சிற்பி. மறைந்துபோன நாடா, மணி, மரகதக் கல், அஞ்சல் தலை முதலியவற்றைப் பேழையின் சிற்றறைகளில் ஒளித்து வைத்திருந்தவள். அவளைக் காவலர் கொண்டுபோயினர். அவள் உயிரோடு திரும்பவில்லை.

என்னை நிறுத்திய இடம் வேறு. தொப்பிகள் மறைந்தபோது தொப்பி செய்தவர் குடை செய்யத் தொடங்குகிறார். படகுப் போக்குவரத்து மறைந்தபோது படகில் இயந்திரம் பார்த்தவர் கிடங்கு ஒன்றில் காவலர் ஆகிறார். ஒருவரும் முறையிடவில்லை. இதனை என் மகள் வாசித்துச் சொன்னபோது நான் அவளை நிறுத்தச் சொன்னேன். எங்கள் தறிக்கூடத்தில் நின்றவர்களுள் எத்தனை பேர் காவலர் ஆனார்கள்! ஐம்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் நின்ற ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தில் இன்று அங்காடி மாளிகைகளும் அலுவலகக் கோபுரங்களும் எழும்பியுள்ளன. எங்கள் ஆலை இருந்த இடத்தில் புகைபோக்கியை மட்டும் அழகுக்காக விட்டுவைத்து, அதற்கு வண்ண விளக்கும் போட்டிருக்கிறார்கள். அதன் வாயிலில் சீருடையுடன் நின்று வருவோரின் பையைத் திறந்து பார்த்தவர்களுள் ஒருவர், அதே இடத்தில் பாவு பிணைத்தவர். நான் அவரிடம், “இங்கே நிற்பது கஷ்டமாக இல்லையா?” என்று கேட்டேன். “முதல் வாரம் இருந்தது” என்றார்.

தீவில் வாழ்ந்த மக்களின் அமைதியும் அவருடைய அமைதியும் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது. உடனே வேறொன்றும் தோன்றி அச்சுறுத்தியது. நான் மேடையில் புகழ்ந்து பேசும் அமைதியும் இதுதானோ? இழந்தபின் முறையிடாமை, இருந்ததை எண்ணி ஏங்காமை, வந்ததை ஏற்றல். இவையெல்லாம் என் உரைகளில் வரும் சொற்களே. அத்தீவினர் அனைவரும் அரகத்துகளா?

அல்லர். அதை எனக்கு விளங்கவைத்தது கிசாகோதமியின் கதை. இக்கதையை நூறு முறையேனும் நான் சொல்லியிருப்பேன்; அதன் நடுப்பகுதியை மட்டும் கவனித்ததில்லை. இறந்த குழந்தையை ஏந்தி மருந்து கேட்டு வந்த தாயிடம், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வருக என்றார் பகவன். அவள் சாவத்தி நகரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் கடுகு இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவரும் இருந்தார். மாலையில் அவள் தெளிந்தாள். நாம் வழக்கமாக இத்தோடு முடித்து, எல்லார்க்கும் சாவு உண்டு என்று பொருள் சொல்லிவிடுவோம்.

அவ்வீடுகளில் நடந்தது யாது என்று எண்ணிப் பாருங்கள். கதவைத் திறந்தவள், “என் தந்தை போனார்” என்றிருப்பாள். அடுத்த வீட்டில், “எங்கள் மூத்தவன்” என்றிருப்பார்கள். அந்நகரம் தன் மாண்டாரை மறவாமல் வைத்திருந்தது. ஆகையால்தான் கோதமிக்கு மருந்து கிடைத்தது. ஒகாவாவின் தீவில் அவள் கடுகு கேட்டுப் போயிருந்தால், முதல் வீட்டிலேயே, “எங்கள் வீட்டில் யாரும் இறந்ததில்லை, எடுத்துக்கொள்” என்று ஒரு பிடி அள்ளிக் கொடுத்திருப்பார்கள். அவள் கடுகோடும் பிணத்தோடும் திரும்பியிருப்பாள். பகவன் அவளுக்கு மறதியைப் புகட்டவில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. குழந்தையைக் கீழே வைக்கும்போது அது தன் குழந்தை என்றும், அது இறந்தது என்றும் அறிந்தே அவள் வைத்தாள். அறிந்து வைப்பதற்கும் அறியாமல் நழுவவிடுவதற்கும் நடுவே உள்ள தூரம் பெரிது.

எண்வகை மார்க்கத்துள் ஏழாவதை நம் முன்னோர் ‘நற்கடைப்பிடி’ என்று தமிழில் வழங்கினர். பாலியில் அது ஸம்மா ஸதி. ஸதி என்ற சொல்லின் அடிப்பொருளே நினைவு. வடமொழியில் ஸ்மிருதி எனப்படுவதும் அதுவே. கடைப்பிடி என்னும் தமிழ்ச்சொல்லுக்கோ, கொண்டதை மறவாமை என்றே பழைய உரைகாரர் பொருள் கூறினர். ஆக, நாம் நாள்தோறும் சொல்லும் மார்க்கத்தின் ஓர் உறுப்பு, பெயரளவிலேயே, மறவாமை. போதிமரத்தடியில் இரவின் முதல் யாமத்தில் பகவன் பெற்ற முதல் ஞானமும், முன்னை வாழ்வுகளை நினைவுகூரும் ஞானமே. நினைவைக் கடந்து அவர் விடுதலைக்குச் செல்லவில்லை. அதன் வழியாகவே சென்றார். இத்தனையும் தெரிந்திருந்தும் அப்பெரியவரிடம் மறப்பதே மருந்து என்றேனே!

இன்னொரு செய்தியையும் எண்ணவேண்டும். பகவன் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய சங்கத்தின் முன் ஆனந்தர் சூத்திரங்களை நினைவிலிருந்து ஓதினார். உபாலி விநயத்தை ஓதினார். எழுத்தில் ஒன்றும் இல்லை. பிராட்பரியின் நாவல் முடிவில், எரிக்கப்பட்ட நூல்களை மனப்பாடம் செய்துகொண்டு காட்டில் திரியும் சிலர் வருகிறார்கள். அதைப் படித்து வியப்பவர்கள், நம் தருமம் சில நூற்றாண்டுகள் அப்படித்தான் உயிர் வாழ்ந்தது என்பதை அறிவார்களாக. (தாதர் இந்து காலனியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் நூல்களுக்கென்று இடம்விட்டுக் கட்டிய இல்லத்துக்கு ராஜகிருகம் என்றே பெயரிட்டார், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே போய்விடலாம்.) பின்னர்ச் சிங்களத் தீவில் பெரும்பஞ்சம் வந்து பிக்குகள் பலர் மாண்டபோது, ஒருவர் மாண்டால் தருமத்தில் ஒரு பகுதியும் அவரோடு மாளுமே என்ற அச்சம் பிறந்தது. மகாநித்தேசம் என்ற நூல் ஒரே ஒரு பிக்குவின் நினைவில்தான் எஞ்சியிருந்தது என்றும், அவரோ ஒழுக்கம் குன்றியவர் என்றும், மனம் ஒவ்வாமலே மூத்த தேரர் அவரிடம் சென்று பாடம் கேட்டார் என்றும் அட்டகதை கூறுகிறது. இதனைப் படிக்குந்தோறும் அத்தேரரின் பொறுமையை வியப்பேன். கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது.

மறவாமைக்காக இவ்வளவு பாடுபட்ட அந்தத் தீவில்தான் 1981ஆம் ஆண்டு, மே 31 நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், திரும்பப் பெறவியலாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே தமிழறிஞர் தாவீது அடிகள் உயிர்நீத்தார். எரித்தவர்கள் காவற்படையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலுமே. பௌத்தம் பேசும் நாட்டின் காவற்படை அது. இதனைச் சொல்லாமல் விட்டால், பௌத்தனாகிய நானும் ஒரு ‘மறைவுக்கு’த் துணைபோனவன் ஆவேன். நூலகம் மீண்டும் கட்டப்பட்டுவிட்டது. அதே வெண்ணிறக் கட்டிடம். எரிந்த ஏடுகளில் இருந்தது யாது என்பதைக் கட்டிடம் சொல்லாது.

தீ வேண்டுவதும் இல்லை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தை எவரும் எரித்ததாகச் செய்தி இல்லை. ஓலை நெடுநாள் தாங்காது. ஒரு தலைமுறை படியெடுக்கத் தவறினால், அடுத்த தலைமுறை தவறியதையும் அறியாது. இன்று தொகைநூல்களிலும் உரைகளிலும் சிதறிக் கிடக்கும் சில செய்யுட்களே மிச்சம். பிம்பிசார கதையும் அவ்வாறே போயிற்று. மணிமேகலை தப்பியது, ஆயினும் 1898இல் அதனை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அது எச்சமயத்து நூல் என்று விளங்காமல் திகைத்ததையும், கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியார் அது பௌத்த நூல் என்று காட்டியதையும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தமிழ்க் கடலாகிய அவருக்கே எட்டாதபடி பௌத்தம் தமிழ்நாட்டினின்று மறைந்திருந்தது. மறைந்தது என்ற வருத்தமும் உடன் மறைந்திருந்தது.

இவ்விடத்தில் ஓர் அன்பர் மறுத்துக் கேட்கலாம்: “எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே இருந்தால் மனிதன் எப்படி வாழ்வான்? பிள்ளையை இழந்த தாய்க்கு மறதி ஒரு கருணை அல்லவா?” நியாயமான கேள்வி. நினைவிலேயே புதைந்து, உண்ணாமல் உறங்காமல் அழிந்தவர்களை நானும் கண்டிருக்கிறேன். 1982க்குப் பிறகு எங்கள் சாலில் மூன்று வீடு தள்ளி ஒருவர் இருந்தார். ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். அவரிடம் போய், மறவாமை மார்க்கத்தின் உறுப்பு என்று சொல்வது கொடுமை.

இதற்கு மணிமேகலையிலேயே விடை இருப்பதாக நான் கருதுகிறேன். காவிரிப்பூம்பட்டினம் கடல்கொண்டு அழிந்ததற்கு அக்காப்பியம் கூறும் காரணம் யாது? இந்திரவிழாவை மறந்தமை. விழாவை மறந்தால் கேடு விளையும் என்பதைக் காப்பியம் முதற் காதையிலேயே அறிவித்துவிடுகிறது. மறந்தவன் சோழ மன்னன். அவன் சோம்பலால் மறந்தானா, செருக்கால் மறந்தானா? இரண்டும் இல்லை. நாகநாட்டு இளவரசி பீலிவளை ஈன்ற அவன் மகன் மரக்கலம் உடைந்து கடலில் காணாமற் போனான். மகனைத் தேடி அலைந்த துயரத்தில் மன்னன் விழாவை மறந்தான்; நகரம் நீருக்குள் போயிற்று. மேனாட்டார் எழுதிய கேட்டுலகக் கதைகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, மறதியால் அழிந்த ஒரு நகரத்தைச் சாத்தனார் காட்டிவிட்டார் என்று பெருமை பேசுவதற்காக இதைக் கூறவில்லை. மறதிக்கு அவர் காட்டும் காரணத்தைப் பாருங்கள்: பற்று. ஒன்றையே பற்றிய மனம் மற்றனைத்தையும் மறக்கிறது. வாசலில் சட்டை மாட்டி நின்ற அம்மனிதரும் தம் மனைவி மக்களை மறந்திருந்தார். நினைவு மிகுந்ததால் வந்த நோய் என்று நான் அன்று எண்ணியது தவறு, அதுவும் மறதியே. பற்றை விடுக என்று பகவன் சொன்னது, மற்றவர்களையும் நினைக்க மனத்தில் இடம் உண்டாகும் பொருட்டே என்று இன்று விளங்குகிறது. கோதமியும் தன் ஒரு பிள்ளையைப் பற்றியிருந்தவரை ஊராரின் மாண்டாரை அறிந்தாளில்லை.

அப்பெரியவரைத் தேடிச் சென்று என் சொல்லை திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தேநீர் வரவழைத்தார். அன்று முதல் ஞாயிறுகளில் உரை முடிந்தபின் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைக்கிறேன். தறிக்கூடத்தில் இரண்டாம் ஷிப்டில் நின்றவர்களின் பெயர், ஊர், தறி எண், எந்த ஆண்டில் போனார், கணக்குத் தீர்ந்ததா என்பன அதில் எழுதப்படுகின்றன. எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் மகன் கேட்டான். ஒன்றும் ஆகாமல் போகலாம். வழக்கு மன்றத்துக்கு அது சான்றாகாது; ஆலை திரும்பி வராது. பெயர்கள் சொல்லப்படும்போது அங்கு வந்து அமரும் விதவைப் பெண்கள் இருவர் அழுகிறார்கள். பிறகு அவர்களே அடுத்த பெயரையும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இதுவரை நாற்பத்து மூன்று பெயர்கள் சேர்ந்துள்ளன. இழை அறுந்தால் ஒரு கையாலேயே முடிச்சிடுவதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்தார். பத்லியாய் நான் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் தறி 14இல் நின்றவர், தென்பாண்டிப் பக்கத்தவர், இடக் காதில் சிறு வடு உண்டு, மராட்டியத் தோழர்கள் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்ததால் அவர் இயற்பெயரை நான் கேட்டறிந்தேனில்லை. அந்த முடிச்சு இன்றும் என் விரல்களில் இருக்கிறது. பெரியவருக்கும் அவர் பெயர் நினைவில்லை. நோட்டில் அவ்வரி காலியாகக் கிடக்கிறது. அக்காலத்தில் பரேல், லால்பாக் ஆலைகளில் நின்ற அன்பர்கள் எவரேனும் அவரை அறிந்திருந்தால், இவ்விதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதும்படி வேண்டுகிறேன்.